சேஷாத்ரி சுவாமிகள்: வடார்க்காட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவண்ணாமலையில் நாற்பது ஆண்டுகள் தெருவிலும் திண்ணையிலுமாக வாழ்ந்து 1929இல் சமாதி அடைந்த சேஷாத்ரி சுவாமிகளைப் பற்றி, வேலூர், ஆரணி, போளூர்ப் பக்கத்து வீடுகளில் மார்கழி ஆராதனை நெருங்கும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. பெரியவர்கள் ஒன்று சொல்கிறார்கள், படித்த பிள்ளைகள் வேறொன்று கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சை மாற்றாமல் கேள்விகளை அப்படியே வைத்து, தெரிந்த அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

சேஷாத்ரி சுவாமிகள்னா யாரு? ரமணரோட சீடரா?

சீடர் அல்லர். ரமணர் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது 1896 செப்டம்பர் 1ஆம் தேதி. சேஷாத்ரி சுவாமிகள் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1889இல், தம்முடைய பத்தொன்பதாவது வயதில் அங்கே வந்துவிட்டார். 1870 ஜனவரி 22, சனிக்கிழமை, அஸ்த நட்சத்திரத்தில் பிறந்த அவர், 1929 ஜனவரி 4ஆம் தேதி அந்த ஊரிலேயே சமாதியானார்.

அவர் வேதம் ஓதிய குடும்பத்தில் வந்தவர், சாஸ்திரம் படித்தவர், நல்ல குரலில் பாடக்கூடியவர், அம்பாளை உபாசித்தவர். அதே மனிதர்தான் அழுக்கேறிய துணியோடு வீதியில் அலைந்தார், எருமையையும் கழுதையையும் கண்டால் கும்பிட்டார், சிலரை அணைத்தார், சிலரை அறைந்தார். பக்தர்கள் மகான் என்றார்கள், ஊரில் சிலர் பைத்தியக்காரச் சாமி என்றார்கள், நோயோடு வந்தவர்கள் வைத்தியர் என்று நினைத்தார்கள். இவற்றில் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டால் நமக்குக் கிடைப்பவர் வேறு யாரோ ஒருவர் என்பது என் கருத்து. கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தக் கருத்தோடு எழுதப்பட்டவைதான்.

அவர் காஞ்சிபுரத்துக்காரர்னு சொல்றாங்க, நீங்க நம்ம ஜில்லாக்காரர்ங்கறீங்க. எது சரி?

வளர்ந்ததும் படித்ததும் காஞ்சிபுரத்தில்தான். பிறந்த ஊரை வந்தவாசிப் பக்கத்து வழூர் என்று சொல்லும் மரபும் உண்டு. அந்த ஊர் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தை வரதராஜர், தாய் மரகதம்.

திருவண்ணாமலையைப் பொறுத்தவரை, அது முன்பு தென்னார்க்காட்டில் இருந்து, பிறகு வட ஆர்க்காட்டோடு சேர்க்கப்பட்டு, 1989இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தபோது தனி மாவட்டத்தின் தலைநகரானது. ஆகவே வேலூர்க்காரர்கள் அவரை நம்மவர் என்பதில் தவறில்லை. காஞ்சிபுரத்துக்காரர்கள் சொல்வதிலும் தவறில்லை.

தங்கக்கை சேஷாத்ரின்னு ஏன் பேர் வந்துச்சு?

நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது தாயோடு காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு வியாபாரி கிருஷ்ண விக்கிரகங்களைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தான். குழந்தை ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு விட மறுத்தது. தாய் வாங்கித் தர மனமில்லாமல் நகர, குழந்தை கேட்கிறதே என்று வியாபாரி காசு வாங்காமல் கொடுத்துவிட்டான். மறுநாள் அவர்களைக் கண்டதும் அவன் ஓடி வந்து, கொண்டுவந்த சரக்கு முழுவதும் விற்றுப்போனது, இது தங்கக்கை என்று குழந்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்று முதல் அந்தப் பெயர் நிலைத்தது என்பது குடும்பத்திலும் பக்தர்களிடத்திலும் வழங்கிவரும் வரலாறு.

திருவண்ணாமலைக்கே ஏன் வரணும்? காஞ்சியிலேயே இருந்திருக்கலாமே?

தந்தை அவருடைய பதினான்காவது வயதில் காலமானார். குடும்பத்துக்குப் பெரியவரான காமகோடி சாஸ்திரிகளின் ஆதரவில் தாயும் பிள்ளைகளும் இருந்தார்கள். பையனுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாம் என்று பேச்செடுத்தபோது, ஜாதகம் பார்த்த உறவினர் இவன் யோகியாவான் என்று சொல்லிவிட, தாய் அந்த ஏக்கத்திலேயே நலிந்து போனார். அவர் உயிர் பிரியும் வேளையில், நல்லார் சேர்க்கையால் பற்று நீங்கும் என்ற பொருள்படும் 'சத்சங்கத்வே' சுலோகத்தைச் சொல்லி, 'அருணாசல, அருணாசல, அருணாசல' என்று மும்முறை உச்சரித்துக் கண்ணை மூடினார் என்று வரலாறு சொல்கிறது.

பிள்ளையின் மனதில் அந்தச் சொல் தங்கிவிட்டது. வீட்டுப் பூஜை அறைச் சுவரில் அருணாசல மலையை வரைந்து வைத்து அதற்கு எதிரே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்ததும், சுடுகாட்டில் போய் ஜபம் செய்ததும், உறவினர்கள் தடுத்ததும், வடக்கிலிருந்து வந்த பாலாஜி சுவாமிகளிடம் சந்நியாச தீட்சை பெற்றதும் அடுத்தடுத்து நடந்தன. அதன் பிறகு வீடு தங்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றி, சுவரில் எழுதி வைத்த மலை நிஜத்தில் எங்கே நிற்கிறதோ அங்கே வந்து சேர்ந்தார். வந்தவர் திரும்பவில்லை.

மடம் கிடையாது, ஆசிரமம் கிடையாது. நாற்பது வருஷம் எங்கதான் இருந்தார்?

இன்ன இடம் என்று சொல்ல முடியாது. பெரிய கோயிலுக்குள் கம்பத்து இளையனார் சன்னதிப் பக்கம், சன்னதித் தெருக் கடைகளின் திண்ணை, தெரிந்தவர்கள் வீட்டு வாசல் என்று இருந்தார். இரவில் படுத்துத் தூங்கியதைக் கண்டவர்கள் அரிது. சோறு கொடுத்தால் ஒன்றிரண்டு கவளம் உண்டு மீதியை நாலாபக்கமும் இறைப்பார். புதுத் துணி போர்த்தினால் அடுத்த தெருவுக்குள் அது யாருடைய இடுப்பிலோ, அல்லது கிழிந்து துண்டு துண்டாகவோ இருக்கும்.

இன்று செங்கம் சாலையில் நாம் பார்க்கும் ஆசிரமம் அவர் சமாதிக்குப் பிறகு வளர்ந்தது. அவர் எதையும் கட்டவில்லை.

கடைக்குள்ள பூந்து சாமானை வாரி இறைப்பாராமே? கடைக்காரங்க சும்மா விட்டாங்களா?

சும்மா விட்டது மட்டுமல்ல, வரமாட்டாரா என்று காத்திருந்தார்கள். திருவண்ணாமலைக் கடைத்தெருவில் அவரைப் பற்றி மிக அதிகமாகப் பேசப்பட்ட விஷயம் இதுதான். காலையில் கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, மூட்டை வாய்களை மடித்துவிட்டுக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். சுவாமிகள் எங்கிருந்தோ விறுவிறுவென்று வருவார், மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அரிசியையோ பருப்பையோ அள்ளித் தெருவில் எறிவார். சில நாள் கல்லாவில் கைவைத்துச் சில்லறையை வீசுவார். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வந்ததுபோலவே யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் போய்விடுவார். அன்று வியாபாரம் பெருகும் என்பது கடைக்காரர்களின் அனுபவம். ஆகவே பக்கத்துக் கடைக்காரர் தம் கடைக்கும் வரச்சொல்லிக் கும்பிடுவார். அப்படிக் கூப்பிட்ட கடைக்குப் பெரும்பாலும் போகமாட்டார்.

கல்லாவுக்கு மேலே அவர் படத்தை மாட்டி வைத்து மாலை போடும் கடைக்காரர்கள் நம் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் செய்த காரியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வியாபாரி எதைப் படியில் அளந்து, தலைதட்டி, ஒரு மணி கூடப் போகாமல் விற்கிறானோ, அதையே அவர் அளவில்லாமல் தெருவில் கொட்டினார். அந்தத் தானியத்தைப் பொறுக்கியவர்கள் பிச்சைக்காரர்களும் குருவிகளும்தான். 'அள்ளி எறிந்தார், பத்து மடங்காக வந்தது' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் வியாபாரத்துக்கு ராசியான ஆளாகிவிடுகிறார். எறிந்ததையும் சேர்த்து நினைவு வைப்பது நல்லது.

தப்பா நினைக்காதீங்க, டாக்டருக்குப் படிக்கிற என் பேரன் கேக்கறான்: இது மனநோய்தானே?

தப்பாக நினைக்க இதில் ஒன்றுமில்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே ஊரார் கேட்ட கேள்வி இது. சுவாமிகளே தம்மைப் பைத்தியம் என்று பிறர் சொல்வதை மறுத்ததாகவோ, அதற்காக வருந்தியதாகவோ தெரியவில்லை.

நம் மரபில் உன்மத்தரைப் போலவும் பாலரைப் போலவும் பிசாசைப் போலவும் ஞானி திரிவான் என்ற எண்ணம் பழையது. அவதூதர் என்ற சொல் அப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கிறது. பேரனுக்கு அந்த விளக்கம் போதாது என்று தெரியும். அவனிடம் இதைச் சொல்லலாம்: தெருவில் ஒழுங்கில்லாமல் அலைந்த அதே மனிதர், சாஸ்திரம் படித்தவர் வந்து கேட்டால் அம்பாள் துதிகளான சௌந்தர்ய லஹரியிலிருந்தும் மூக பஞ்சசதியிலிருந்தும் எடுத்துச் சொல்லித் தெளிவாகப் பேசினார், ஆளைப் பார்த்து அவரவருக்கு ஏற்ற வழியைச் சொன்னார். நூறு ஆண்டுக்கு முன் இருந்தவருக்கு இன்று நோயின் பெயர் சூட்டுவதும், நோயே இல்லை என்று சத்தியம் செய்வதும் இரண்டும் நம்மால் ஆகாத காரியம். அவரோடு பழகியவர்கள் பயந்தார்களா, திரும்பத் திரும்ப வந்தார்களா என்று பார்க்கலாம். இரண்டும் நடந்திருக்கிறது.

அவர் அறைஞ்சா வியாதி போயிடும்னு பாட்டி சொல்வாங்க. நிஜமாவே குணமாச்சா?

முதலில் அந்தக் காலத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 1905இல் திருவண்ணாமலையில் பிளேக் பரவி மக்கள் ஊரைக் காலி செய்தார்கள்; ரமணரே அப்போது சில மாதங்கள் பச்சையம்மன் கோயிலில் போய்த் தங்கினார். காலரா அடிக்கடி வந்துபோனது. வேலூரில் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கியது 1900இல். பின்னாளில் சி.எம்.சி.யாக வளர்ந்த அது நாற்பது படுக்கை ஆஸ்பத்திரியானது 1902இல். அதுவும் ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்தில் எட்டாத தொலைவு. அப்படிப்பட்ட ஊரில், கேட்டால் காசு வாங்காத ஒருவர் தொட்டால் சரியாகிறது என்ற பேச்சு எத்தனை வேகமாகப் பரவியிருக்கும் என்று யோசியுங்கள்.

அவர் வைத்தியம் என்று ஒரு முறை இருந்ததில்லை. காலடி மண்ணை எடுத்துப் பூசச் சொல்வார், முதுகில் ஓங்கி ஒன்று வைப்பார், எச்சில் உமிழ்வார், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடப்பார், சில பேரைக் கிட்டவே சேர்க்காமல் துரத்துவார். குணமானோம் என்று சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்னதைத்தான் நம் பாட்டிகள் கேட்டு நமக்குச் சொன்னார்கள். மருத்துவச் சான்று எதுவும் அந்தச் செய்திகளோடு வரவில்லை. குணமாகாதவர்கள் திரும்பி வந்து கதை சொல்வதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. பாட்டி பொய் சொல்லவில்லை. பாட்டிக்கு வந்து சேர்ந்தது ஒரு பக்கம்தான்.

சி.எம்.சி.யில வைத்தியத்துக்கு வந்திருக்கோம். நடுவுல ஒரு நாள் அவர் சமாதிக்குப் போய் விபூதி வாங்கிட்டு வந்தா மருந்தை நிறுத்திடலாமா?

போய் வாருங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். தோட்டப்பாளையம் விடுதிகளில் தங்கி, ஸ்கேன் ரிசல்டுக்காகக் காத்திருக்கும் வெளியூர்க் குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காத மாதமில்லை. அந்தக் காத்திருப்பில் சமாதிக்கு எதிரே அரைநாள் சும்மா உட்கார்ந்திருப்பது உண்மையிலேயே ஆறுதல் தரும். ஆனால் மேலே சொன்னபடி, வேறு வழியில்லாத காலத்தில் ஜனங்கள் அவரைத் தேடி ஓடினார்கள். உங்களுக்கு வழி இருக்கிறது. அதை விட்டுவிடும்படி அவர் பெயரைச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கீமோதெரபி எடுப்பவர்களும் அறுவை சிகிச்சை முடிந்தவர்களும் பௌர்ணமி நாளில் போக வேண்டாம். கிரிவலக் கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும். சாதாரண நாளில், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகலாம்.

பாதாள லிங்கத்துல ரமணரைக் காப்பாத்தினது இவர்தானா?

முதலில் காவல் இருந்தவர் இவர்தான். இளைஞராக வந்த ரமணர் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே பாதாள லிங்கக் குழியில் உடல் நினைவின்றி அமர்ந்திருந்தபோது பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண்ணாகிவிட்டது. வெளியிலிருந்து பையன்கள் கல்லும் ஓட்டாஞ்சில்லும் எறிந்தார்கள். சேஷாத்ரி சுவாமிகள் அவர்களை விரட்டப் பார்த்தார். இவரையே பைத்தியம் என்று கல்லெறியும் பையன்கள் ஆதலால் கலாட்டா கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு நாள் வெங்கடாசல முதலியார் என்பவர் அந்தப் பக்கம் வந்து பையன்களைத் துரத்தியபோது, குழியிலிருந்து வெளியே வந்த சுவாமிகள், உள்ளே இருக்கும் சின்னச் சாமியைப் போய்ப் பார் என்று காட்டிவிட்டுப் போனார். அதன் பிறகே முதலியாரும் மற்றவர்களும் ரமணரைத் தூக்கி வந்து முருகன் சன்னதியில் சேர்த்தார்கள்.

ரமணரை ஊரார் 'சின்ன சேஷாத்ரி' என்று அழைத்தது அந்தக் காலத்தில்தான். பிற்காலத்தில் உலகமே அறிந்த ஒருவருக்கு முதலில் கிடைத்த அடையாளம் இவருடைய பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

ரெண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இருந்துச்சாமே?

வழி வேறு, சண்டை இல்லை. கோடைக் காலத்தில் ரமணர் மாமரத்துக் குகையில் இருந்தபோது சுவாமிகள் போய் எதிரே உட்கார்ந்து அவரை உற்றுப் பார்த்துவிட்டு, இது என்ன நினைக்கிறது என்றே புரியவில்லை என்றாராம். ரமணர் பேசவில்லை. அருணாசலனைக் கும்பிட்டால் முக்தி தருவான் என்றார் சுவாமிகள். கும்பிடுகிறவன் யார், கும்பிடப்படுகிறவன் யார் என்று ரமணர் கேட்க, சுவாமிகள் வாய்விட்டுச் சிரித்து, அதுதானே விளங்கவில்லை என்றார். ரமணர் அத்வைத அனுபவத்தை விரித்துச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு முடித்து, அதெல்லாம் எனக்குத் தெரியாது, நான் கும்பிடுகிறவன் என்று எழுந்து, மலைச் சிகரத்தை நோக்கி விழுந்து விழுந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனார்.

இதை வைத்து யார் பெரியவர் என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள், சுவாமிகள் தம்மிடம் வந்தவர்கள் பலரை ரமணரிடம் போகச் சொன்னதையும், அவர் அடக்கத்தின்போது ரமணர் வந்து கூடவே இருந்ததையும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

போளூர் விட்டோபா சுவாமிகளுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

இருவரும் ஒரே ரகம். விட்டோபாவும் போளூரில் பித்தரைப் போலத் திரிந்தவர். அவருடைய சமாதி அங்கேயே இருக்கிறது. ஒரு நாள் திருவண்ணாமலையில் சேஷாத்ரி சுவாமிகள் வானத்தைப் பார்த்து, அதோ விட்டோபா போகிறான், பார் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்றும், விட்டோபா சமாதியான செய்தி பிறகு வந்து சேர்ந்தது என்றும் சொல்வார்கள். காட்பாடி – விழுப்புரம் ரயிலில் போனால் போளூர் வழியில்தான் இருக்கிறது. திருவண்ணாமலைக்கு மட்டும் போய்த் திரும்பும் வேலூர்க்காரர்கள் ஒருமுறை இங்கேயும் இறங்கலாம்.

வள்ளிமலை சுவாமிகள் இவர்கிட்டதான் உபதேசம் வாங்கினாரா?

வழங்கிவரும் செய்தி அதுதான். திருப்புகழை வீடு வீடாகப் பரப்பிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளும் 1870இல் பிறந்தவரே. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்து, வயிற்று வலியால் பழனிக்குப் போய்க் குணமானவர். திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்து அங்கேயே இருந்துவிட நினைத்தபோது, ரமணர் 'கீழே போ' என்றார். மலையிலிருந்து இறங்கி வந்தவரைச் சேஷாத்ரி சுவாமிகள் பிடித்துக்கொண்டு, சௌந்தர்ய லஹரி சுலோகம் ஒன்றுக்குப் பொருள் விரித்து, உனக்குத் திருப்புகழே மந்திரம், வள்ளிமலைக்குப் போய்த் தவம் செய் என்று அனுப்பினார். பொன்னை ஆற்றுப் பக்கத்து வள்ளிமலையில் அவர் குடியேறியதும், ஆங்கிலப் புத்தாண்டில் திருத்தணியில் படித் திருவிழாவைத் தொடங்கி வைத்ததும், 1950இல் சமாதியானதும் அதன் தொடர்ச்சி.

இந்தச் செய்தியில் நான் கவனிப்பது ஒன்று. தாம் அம்பாள் உபாசகராக இருந்தும், வந்தவரைத் தம் வழிக்கு இழுக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே பிடித்திருந்த திருப்புகழிலேயே நிறுத்தினார்.

அவர் என்னதான் உபதேசம் பண்ணார்? ஒரு புத்தகம்கூட இல்லையே?

புத்தகமும் இல்லை, மேடைப் பேச்சும் இல்லை. ஒருவருக்கு ராம நாமம், ஒருவருக்குப் பாராயணம், ஒருவருக்கு ரமணரிடம் போ, ஒருவருக்கு வெறும் அடி. ஆகவே 'சேஷாத்ரி சுவாமிகளின் பொன்மொழிகள்' என்று வாட்ஸப்பில் தினமும் வரும் அழகான வாசகங்களைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அவர் பேச்சு அப்படி இழைத்து வைத்ததாக இருந்ததில்லை.

குளிப்பாட்டினதாலதான் காலமாயிட்டார்னு சொல்றாங்களே?

கடைசிக் காலத்தில் ஒரு பக்தையிடம், புது வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருந்து யோகம் செய்யட்டுமா என்று பல நாள் திரும்பத் திரும்பக் கேட்டார். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்து அந்த அம்மாள் ஒரு நாள் சரி என்று சொல்லிவிட்டார். உடலை விடுவதற்கு அனுமதி கேட்டார் என்று பின்னால்தான் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அதையொட்டிப் பக்தர்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்து, முகம் மழித்து, அபிஷேகம் செய்து, அலங்கரித்துப் படம் எடுத்தார்கள். பிறகு காய்ச்சல் கண்டது. அது தீராமலே விபவ வருடம் மார்கழியில் சமாதியானார்.

குளித்ததால் காய்ச்சல் வந்ததா என்று விசாரணை வைக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு இந்தப் பகுதி எப்போதும் நெருடலாகவே இருக்கிறது. நாற்பது ஆண்டு யாருக்கும் பிடிபடாதவரைக் கடைசியில் அன்பினாலேயே பிடித்துச் சுத்தம் செய்துவிட்டார்கள்.

இதெல்லாம் யார் எழுதி வச்சது? எவ்வளவு நம்பலாம்?

பெரும்பகுதி, சுவாமிகளோடு பழகிய குழுமணி நாராயண சாஸ்திரிகள் எழுதிய வரலாற்றிலிருந்தும், ரமணரைப் பற்றிய பழைய வரலாறுகளிலிருந்தும் வருகிறது. தேதிகள், ஊர்கள், ரமணரோடு நடந்த சந்திப்புகள் ஆகியவை உறுதியானவை. தொலைவில் நடந்ததை அறிந்தது, நோய் போக்கியது போன்றவை கண்டவர்களும் கேட்டவர்களும் சொன்னவை. அப்படியே 'சொன்னார்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, இப்போது காணொளிகளில் புதிது புதிதாக முளைப்பவை. யாரிடம், எந்த ஊரில், யார் பார்த்தது என்ற மூன்றில் ஒன்றுகூட இல்லாத அற்புதத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கிரிவலப் பாதையில அவர் மாதிரியே ஒருத்தர் கந்தலோட இருக்கார். அவரும் சித்தர்தான்னு எல்லாரும் சுத்தி உக்காந்திருக்காங்க. கும்பிடலாமா?

கும்பிடுவதற்கு முன் அவர் சாப்பிட்டாரா, காலில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டாரால் கைவிடப்பட்ட மனநோயாளிகளும் அந்த ஊருக்கு வந்து சேர்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது உணவும் சிகிச்சையும். அவர்கள் உளறுவதில் லாட்டரி நம்பர் தேடுவதும், அடி வாங்கினால் புண்ணியம் என்று சீண்டிச் சீண்டிக் கோபமூட்டுவதும் பாவம் என்றே சொல்வேன்.

இன்னொரு வகையும் உண்டு: பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து தட்சணை வாங்கிக்கொண்டிருப்பார், தொட்டுத் தீர்ப்பதற்கு விலை இருக்கும். சேஷாத்ரி சுவாமிகள் கல்லாவிலிருந்து காசை எடுத்தது தெருவில் எறிவதற்காக என்பதைக் கடைகள் பற்றிய பதிலில் சொன்னேன். காசு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

வேலூர்லேர்ந்து எப்படிப் போறது? ஆராதனை எப்போ?

பஸ்ஸில் கண்ணமங்கலம், போளூர் வழியாக ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டு இரண்டரை மணி நேரம் ஆகும். ரயிலில் வேலூர் கண்டோன்மெண்டில் ஏறலாம். சமாதி, செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆராதனை மார்கழித் தேய்பிறை நவமியிலும், ஜெயந்தி தை மாத அஸ்தத்தை ஒட்டியும் வரும். ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

எங்க கொள்ளுப்பாட்டியைக் காரணமே இல்லாம கல்லால அடிச்சார்னு வீட்ல இன்னிக்கும் கோபமாத்தான் சொல்வாங்க. அதையும் எழுதி வைக்கலாமா?

கட்டாயம் எழுதுங்கள். குணமானது, வியாபாரம் பெருகியது, பிள்ளை பிறந்தது என்று எழுதிக் கொடுக்க நூறு வீடுகள் இருக்கின்றன. அடி வாங்கிப் பலன் எதுவும் வராமல் கோபத்தோடு திரும்பிய வீட்டின் செய்தி அநேகமாக எங்கும் இல்லை. பின்னால் நல்லது நடந்தது என்று ஒரு முடிவை ஒட்ட வைக்காதீர்கள். அப்படி நடந்திருந்தால் அந்தக் கோபம் இத்தனை தலைமுறை தங்கியிருக்காது.

வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் உட்கார்ந்து, அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கொள்ளுப்பாட்டி எதற்காகத் திருவண்ணாமலைக்குப் போனார், தீபத்துக்கா, கல்யாணத்துக்கா, எந்தத் தெருவில் நடந்தது, கல் எங்கே பட்டது, கூட யார் இருந்தார்கள், காயத்துக்கு என்ன வைத்துக் கட்டினார்கள், இதை உங்களுக்குச் சொன்னவருக்கு யார் சொன்னார்கள் என்பதையெல்லாம் கேளுங்கள். சொல்பவர் திட்டினால் அந்தத் திட்டையும் சேர்த்து எழுதுங்கள்.